காற்றுக்கு இரண்டு வேலை



ஓய்வு பெற்ற தலைமையாசிரியன் ஒருவன் வானொலியில் பேச வந்தால் ஒழுக்கத்தைப் பற்றியோ, தேர்வுக்குப் படிக்கும் முறையைப் பற்றியோ பேசுவான் என்று நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். நான் இன்று ஒரு லாரியைப் பற்றியும் அதில் பொருத்துவதற்காக வாங்கப்பட்ட ஓர் ஊதுகுழலைப் பற்றியும் பேசப் போகிறேன். அறிவியல் ஆசிரியனாகப் பயிற்சி பெற்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் நின்றவன் நான். ஆயினும், ஒலியைப் பற்றிய ஒரு பாடத்தைச் சாலையோரத்தில் விழுந்துதான் கற்றுக்கொண்டேன்.

என் ஊர் திருப்பூர். நீங்கள் அணிந்திருக்கும் பனியன் எங்கள் ஊரில் பிறந்ததாக இருக்கலாம். அந்தப் பனியன் உங்களிடம் வந்து சேருமுன் எத்தனை முறை வண்டியேறி இறங்குகிறது, தெரியுமா? நூற்பாலையிலிருந்து நூல் வருகிறது. ஓரிடத்தில் அதைத் துணியாகப் பின்னுகிறார்கள். அத்துணி சலவைக்கும் சாயத்துக்கும் வேறோர் இடத்துக்குப் போகிறது. அங்கிருந்து அச்சிடப் போகிறது. பிறகு வெட்டித் தைக்கப் போகிறது. கடைசியில் அட்டைப் பெட்டிக்குள் அடங்கித் தூத்துக்குடித் துறைமுகத்தை நோக்கிப் புறப்படுகிறது. ஒரே கூரையின் கீழ் எல்லா வேலையும் நடைபெறும் ஆலைகளும் உண்டு. ஆனால், இப்படி ஊரெல்லாம் சுற்றி வரும் துணியே மிகுதி. ஆகவே எங்கள் தெருக்களில் லாரிகள், சிற்றுந்துகள், மூன்று சக்கர வண்டிகள், அவற்றினிடையே புகுந்து செல்லும் மோட்டார் சைக்கிள்கள் ஆகியவை ஓய்வின்றி ஓடிக்கொண்டே இருக்கும். வேலை முறை மாறும் நேரத்தில் தொழிலாளர் கூட்டம் சாலையைக் கடக்கும் காட்சி, திருவிழாவில் தேரைச் சுற்றியுள்ள கூட்டத்தைப் போன்றிருக்கும்.

சென்ற ஆண்டு தீபாவளிக்கு முந்திய வாரத்தில் ஒரு மாலைப் பொழுது. நான் சைக்கிளில் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். சாலையின் இடப்புறமாக, ஒழுங்காகத்தான் சென்றேன். திடீரென்று எனக்குப் பின்னால் இடி விழுந்தாற்போல் ஓர் ஒலி எழுந்தது. அது லாரியின் ஏர் ஹாரன் என்பதை அறிவு உணர்ந்துகொள்ளுமுன், உடல் துள்ளிவிட்டது. ஒலி எத்திசையிலிருந்து வந்தது என்றே எனக்குத் தெரியவில்லை. இடப்பக்கம் ஒதுங்க வேண்டிய நான், கை நடுங்கி வலப்பக்கம் சாய்ந்தேன். சைக்கிளோடு சாலைமீதே விழுந்தேன்.

லாரி என்மீது ஏறவில்லை. இரண்டு முழத் தொலைவில் நின்றுவிட்டது. ஓட்டுநர் கைப்பிரேக்கைப் போட்டபோது, ‘புஸ்’ஸென்று காற்று வெளியேறும் ஓசை மட்டும் என் காதில் விழுந்தது. அவர் இறங்கி ஓடி வந்து என்னைத் தூக்கி உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். நல்ல மனிதர். “வழி விடுவீர்கள் என்றுதான் ஐயா அடித்தேன்” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். என் இடக்கை மணிக்கட்டில் எலும்பு விரிந்திருந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டோடு வீட்டில் இருந்தேன்.

அந்த ஆறு வாரமும் ஓர் எண்ணம் என்னைவிட்டு நீங்கவில்லை. என்னை வீழ்த்தியது காற்று. என்னைக் காப்பாற்றியதும் காற்று. அந்த லாரியின் ஊதுகுழலை அலறச் செய்ததும், அதன் சக்கரங்களைப் பிடித்து நிறுத்தியதும் அமுக்கப்பட்ட காற்றேயல்லவா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னிடம் பயின்ற பழைய மாணவர் ஒருவர் ஆரஞ்சுப் பழங்களோடு பார்க்க வந்தார். சொந்தமாக ஒரு லாரி வைத்து, நூல் மூட்டைகளும் துணிக் கட்டுகளும் ஏற்றிச் செல்பவர். நலம் விசாரித்தபின் சற்றுத் தயங்கினார். பிறகு வெளியே சென்று, வண்டியிலிருந்து ஓர் அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார்.

“ஐயா, உங்களிடம் ஓர் உதவி வேண்டுமுங்க. இதனோடு வந்த தாள் முழுவதும் ஆங்கிலத்தில் இருக்கிறது. எப்படிப் பொருத்துவதென்று படித்துச் சொல்ல வேண்டுமுங்க” என்றார்.

பெட்டியைத் திறந்தேன். உள்ளே பளபளவென்று மின்னும் நான்கு ஊதுகுழல்கள், மின்சாரத்தால் இயங்கும் சிறிய கம்ப்ரசர் ஒன்று, உருளை வடிவான காற்றுத் தொட்டி ஒன்று, குழாய்கள், கம்பிகள். என் மாவுக்கட்டைப் பார்த்தேன். பிறகு அவர் முகத்தைப் பார்த்தேன். அவருக்கும் புரிந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டார்.

கோபம் கொள்ள நேரம் அதிகமில்லை; பாடம் நடத்தும் பழக்கம் முந்திக்கொண்டது. “உட்கார் அப்பா, படிப்போம்” என்றேன்.

ஏர் ஹாரன் எவ்வாறு ஒலிக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஊதுகுழலின் அடியில் மெல்லிய தகடு ஒன்று இருக்கிறது. அமுக்கப்பட்ட காற்று அத்தகட்டைத் தள்ளித் திறந்து வெளியேறுகிறது. அழுத்தம் குறைந்தவுடன் தகடு மீண்டும் மூடிக்கொள்கிறது. அழுத்தம் ஏறியவுடன் மறுபடியும் திறக்கிறது. இவ்வாறு ஒரு நொடியில் நூற்றுக்கணக்கான முறை நடைபெறும் அதிர்வே ஒலியாகிறது. குழல் நீளமாயின் ஒலி தாழ்ந்திருக்கும், குட்டையாயின் உயர்ந்திருக்கும். நாதசுரத்துக்கும் இதற்கும் தத்துவத்தில் உறவு உண்டு. இனிமையில்தான் உறவு இல்லை.

“பட்டறையில் ஒருவர், இந்தக் கம்ப்ரசரே வேண்டாம் என்கிறாருங்க. வண்டியிலே பிரேக்குக்காகக் காற்றுத் தொட்டி இருக்கிறதே, அதிலிருந்து ஒரு கிளைக் குழாய் எடுத்துக் கொடுத்துவிட்டால் செலவு மிச்சம் என்கிறார்” என்றார் அவர்.

“அந்தத் தொட்டியின் வேலை என்ன என்று நீ எனக்குச் சொல்” என்றேன். அன்று அந்தப் பாடத்தில் அவர் ஆசிரியர், நான் மாணவன்.

அவர் சொன்னதைச் சுருக்கமாகக் கூறுகிறேன். பெரிய லாரிகளில் எஞ்சினே ஒரு கம்ப்ரசரை இயக்கிக்கொண்டிருக்கிறது. அது காற்றை அமுக்கித் தொட்டிகளில் சேர்த்து வைக்கிறது. ஓட்டுநர் மிதியை அழுத்தினால், அக்காற்று சக்கரங்களருகே உள்ள அறைகளுக்குப் பாய்ந்து பிரேக்கை இயக்குகிறது. நிறுத்தி வைப்பதற்கான பிரேக்கோ இதற்கு நேர்மாறானது. வலிய சுருள்வில் ஒன்று சக்கரத்தை இறுகப் பிடிக்க எப்போதும் ஆயத்தமாக இருக்கும். காற்றின் அழுத்தமே அதை அடக்கி வைத்திருக்கும். காற்று மிகவும் குறைந்துவிட்டால் வில் விடுபட்டு வண்டி தானே நின்றுவிடும். காற்றின் ஆற்றலால் வண்டியை நிறுத்தும் இக்கலையை ரயில் வண்டிகளுக்காக 1869-இல் வகுத்தவர் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் என்ற அமெரிக்கர். அவருக்கு முன், பெட்டிகளில் ஆட்கள் நின்று சக்கரத்தைத் திருகி நிறுத்த வேண்டியிருந்தது.

“அப்படியானால், அந்தத் தொட்டியில் நீ போடும் கிளைக் குழாய் கசிந்தால்?” என்று கேட்டேன்.

அவர் உடனே விடை சொல்லவில்லை. திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் சரக்கோடு கடந்தவர் அவர். இறக்கத்தில் அடிக்கடி பிரேக்கு மிதிக்கும்போது காற்று எவ்வளவு விரைவாகச் செலவாகும் என்பதும், அழுத்தமானியின் முள் தாழ்ந்து எச்சரிக்கை மணி ஒலித்தால் வயிறு எப்படிக் கலங்கும் என்பதும் அவருக்குத் தெரியும். “வேண்டாமுங்க. அது உயிர்க்காற்று” என்றார்.

உண்மைதான். தொழிற்சாலையிலே பிற கருவிகளுக்குக் காற்றுக் கிளை கொடுக்கும்போது இடையே காவல் வால்வு வைக்கிறார்கள். கிளையில் கசிவு நேர்ந்தாலும் பிரேக்குக்குரிய காற்று குறையாதபடி அது அடைத்துக்கொள்ளும். அந்த ஏற்பாடு எதுவுமின்றித் துளையிட்டுக் குழாய் சொருகுவது, குடிநீர்க் கிணற்றில் வாய்க்கால் வெட்டி வெளியே விடுவதற்கு ஒப்பாகும்.

பிறகு அந்தத் தாளைப் படித்தோம். தனிக் கம்ப்ரசரைக் காற்றோட்டமுள்ள, நீர் தெறிக்காத இடத்தில் வைக்க வேண்டும். அதிலிருந்து தொட்டிக்குச் செல்லும் வழியில் காற்றுத் திரும்பி வராதபடி ஒருவழி வால்வு வேண்டும். குறித்த அழுத்தம் வந்ததும் கம்ப்ரசரை நிறுத்தும் சுவிட்சு வேண்டும். அச்சுவிட்சு பழுதானால் தொட்டி வெடிக்காதபடி காற்றை வெளியேற்றும் பாதுகாப்பு வால்வு வேண்டும். மின்கம்பியில் பாட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸ் வேண்டும். காற்றை அமுக்கும்போது அதிலுள்ள ஈரம் நீராகத் தேங்குமாதலால், தொட்டியின் அடியில் வடிகுழாய் வேண்டும்; அதை அவ்வப்போது திறந்துவிட வேண்டும். இவற்றை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. ஒலி எழுப்பும் உறுப்பு ஒன்றே. அடக்கும் உறுப்புகளோ ஐந்து. ஆற்றலைச் சேர்த்து வைப்பவன் அடக்கத்தையும் சேர்த்து வாங்க வேண்டும் என்று அந்தத் தாளை எழுதியவர் அறிந்திருந்தார்.

“சரி, இது உனக்கு எதற்கு?” என்று கேட்டேன்.

அவர் சொன்ன காரணத்தை நான் இகழ மாட்டேன். “ஐயா, என் வண்டியின் ஹாரன் யாருக்கும் கேட்பதில்லை. காதில் பாட்டுக் கருவியை மாட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வருகிறார்கள். தறிக்கூடத்து ஓசை ஒருபுறம். மற்ற லாரிகளெல்லாம் ஏர் ஹாரன் அடிக்கிறபோது என் ஹாரனுக்கு எவன் ஒதுங்குகிறான்? யாராவது சக்கரத்தில் விழுந்துவிட்டால் நான் என்ன செய்வேன்?” அச்சத்திலிருந்து பிறந்த ஆசை அது.

அவர் பேசும்போது ஒன்றைக் கவனித்தேன். நான் சொல்வதை ஒவ்வொரு முறையும் “என்னங்க?” என்று கேட்டார். இடக்காதை என் பக்கம் திருப்பிக்கொண்டார். “முதலில் உன் காதைச் சோதித்துக்கொள்” என்று சொல்லி, அடுத்த வாரமே அரசு மருத்துவமனைக்கு அவரோடு நானும் போனேன். சன்னல் பக்கம் இருக்கும் வலக்காதில் உயர்ந்த ஒலிகளைக் கேட்கும் திறன் குறைந்திருந்தது. அவருக்கு வயது நாற்பது.

மாணவர்களே, இங்கே சிறிது கணக்குப் போடுவோம். ஒலியின் வன்மையை டெசிபல் என்ற அளவால் குறிக்கிறோம். அருகிலிருந்து நாம் பேசும் பேச்சு ஏறக்குறைய 60 டெசிபல். வலிய ஏர் ஹாரன்கள் 110 டெசிபலைத் தாண்டுவதுண்டு. இரண்டும் இரு மடங்குகூட இல்லையே என்று எண்ணாதீர்கள். பத்து டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகும். ஆகவே 50 டெசிபல் வேறுபாடு என்பது ஒரு லட்சம் மடங்கு. நம் உட்செவியில் ஒலியை உணரும் நுண்மயிர்ச் செல்கள் காதொன்றுக்குச் சுமார் 15,000 இருக்கின்றன. மனிதர்க்கு அவை ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. 85 டெசிபல் ஒலியில் ஒரு நாளைக்கு 8 மணி நேரத்துக்கு மேல் இருக்கலாகாது என்றும், மூன்று டெசிபல் கூடுந்தோறும் அந்த நேரம் பாதியாக வேண்டும் என்றும் அமெரிக்க நாட்டின் தேசியத் தொழிற்பாதுகாப்பு, உடல்நல நிறுவனம் வகுத்திருக்கிறது. அக்கணக்கில் 100 டெசிபலுக்கு 15 நிமிடந்தான். சோமனூர், பல்லடம் பகுதிகளில் விசைத்தறிக் கூடத்துள் நுழைந்து பார்த்தவர்கள், அங்கே மனிதர் கைச்சாடையால் பேசுவதைக் கண்டிருப்பீர்கள். இங்கிலாந்தில் லங்காஷயர் ஆலைகளில் நெசவு செய்த பெண்கள் உதட்டசைவைக் கொண்டே பேசிக்கொள்ளப் பழகியிருந்தார்கள். உழைப்பவன் தன் செவியைக் கூலியோடு சேர்த்துக் கொடுத்த வரலாறு அது.

ஒருவன் உரக்க ஒலித்தால் அடுத்தவன் அதனினும் உரக்க ஒலிக்கிறான். கேட்பவன் காது மெல்ல மந்தமாகிறது. அவனுக்குக் கேட்பதற்காக இன்னும் வலிய ஹாரன் தேவைப்படுகிறது. கல்யாணப் பந்தியில் எல்லோரும் எழுந்து நின்று பார்த்தால், உட்கார்ந்திருந்தபோது கண்டதைவிட எவரும் அதிகமாகக் காண்பதில்லை. கால் வலிதான் மிச்சம்.

இதைப் பற்றி வேடிக்கையான வரலாறு ஒன்று உண்டு. மில்லர் ரீஸ் ஹட்சிசன் என்ற அமெரிக்கர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், செவிப்புலன் குறைந்தோர்க்காக மின்சாரச் செவிக்கருவி ஒன்றை அமைத்தார். அதே மனிதர்தான் பிறகு மோட்டார் வண்டிகளுக்காக ‘கிளாக்சன்’ என்னும் அலறும் ஒலிப்பானையும் உருவாக்கினார். அது 1908-இல் விற்பனைக்கு வந்தது. முன்னதை விற்பதற்காகவே பின்னதைப் படைத்தார் என்று அக்காலத்தில் நகைச்சுவையாகப் பேசிக்கொண்டார்களாம்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் மாணவராகிய நீங்கள் அறிந்திருக்க வேண்டும். 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 119-ஆம் விதி, மாறி மாறிப் பல சுரங்களில் ஒலிக்கும் ஹாரனையும், அளவு மீறிக் கடுமையாகவும் திகிலூட்டும்படியாகவும் ஒலிக்கும் கருவியையும் வண்டிகளில் பொருத்தலாகாது என்கிறது. ஆம்புலன்சு, தீயணைப்பு வண்டி போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டரை அமைதி மண்டலம் ஆக்க வழி செய்தன. 2005 ஜூலை 18 அன்று உச்ச நீதிமன்றம், குடியிருப்புப் பகுதிகளில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை, தவிர்க்க இயலாத நிலையிலன்றி ஹாரன் ஒலிக்கலாகாது என்று பணித்தது. தேவையின்றி ஹாரன் அடிப்பவருக்கு முதல் முறை ஆயிரம் ரூபாயும், மறுமுறை இரண்டாயிரம் ரூபாயும் தண்டம் என்று 2019-இல் சட்டம் திருத்தப்பட்டது.

இவற்றையெல்லாம் நான் என் மாணவருக்குச் சொன்னேன். சட்டத்தைக் கேட்டு அவர் தலையசைத்தார். காதுச் சோதனைத் தாளைப் பார்த்துத்தான் மௌனமானார். ஆனாலும் அவருடைய அச்சம் தீரவில்லையே! அவர் ஹாரன் உண்மையிலேயே கேட்கவில்லையென்றால் அதற்கு ஒரு வழி சொல்ல வேண்டுமல்லவா? இருவரும் வண்டியின் முன்னால் நின்று ஹாரனை ஒலித்துப் பார்த்தோம். சளி பிடித்தவன் குரல் போல் கம்மியது. மின்தொழில் தெரிந்த ஒருவரைக் கொண்டு கழற்றிப் பார்த்தபோது, ஹாரனின் கம்பி வண்டிச் சட்டத்தோடு இணையும் இடம் துருவேறிக் கிடந்தது. துரு மின்னோட்டத்தைத் தடுத்தது. ஹாரனுக்குப் போதிய மின்னழுத்தம் சேரவில்லை. நீங்கள் பத்தாம் வகுப்பில் படிக்கும் ஓம் விதிதான். துருவைச் சுரண்டி, தடித்த கம்பி இட்டு, ‘ரிலே’ ஒன்று வைத்ததும் பழைய ஹாரன் தெளிவாகக் கூவிற்று. தொழிற்சாலை கொடுத்த குரலே போதுமானதாயிருந்தது. நாம்தான் அதன் தொண்டையை அடைத்து வைத்திருந்தோம்.

நான்கு ஊதுகுழல்களையும் அவர் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். கம்ப்ரசரையும் தொட்டியையும் வைத்துக்கொண்டார். வால்வுகளையும் ஃபியூசையும் தாளில் கண்டபடி பொருத்தினோம். இப்போது வழியில் சக்கரத்தில் காற்றுக் குறைந்தால் அதைக் கொண்டு நிரப்பிக்கொள்கிறார். எங்கள் கொங்கு நாட்டுக்கு இது புதிதன்று. திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணற்று லாரிகள் பெரிய கம்ப்ரசர்களைச் சுமந்து சென்று, பாறையைக் குடைந்து நீரைக் காண்கின்றன. பின்னலாடைப் பொறிகளில் படியும் பஞ்சையும் காற்றால்தான் ஊதி நீக்குகிறார்கள். காற்று உழைக்கப் பிறந்தது; அதை அலற மட்டும் வைப்பானேன்?

ஹாரன் இன்றிப் போக்குவரத்தே நடவாது என்பார்கள். மிசோரம் மாநிலத்துத் தலைநகரமான ஐசால், மலைமீதுள்ள குறுகிய சாலைகளில் வண்டிகள் ஹாரன் அடிக்காமல் வரிசையாகச் செல்வதற்குப் பெயர் பெற்றது. நேபாளத் தலைநகர் காத்மாண்டுவில் 2017 ஏப்ரல் 14 முதல் தேவையற்ற ஹாரனுக்குத் தடை விதித்தார்கள். அங்கும் லாரிகள் ஓடத்தான் செய்கின்றன. குருட்டு வளைவில் ஒருமுறை ஒலிப்பது கடமை. முன்னால் செல்லும் கிழவன் விரைந்து போகவில்லையே என்று ஒலிப்பது அதிகாரம். இந்த வேறுபாட்டை அறிந்த ஊர்கள் அவை.

இறுதியாக என்னைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். நான் பணியாற்றிய பள்ளி ஒன்றில் ஒரு வகுப்பு சாலையை ஒட்டி இருந்தது. வண்டிகளின் ஒலி கூடுந்தோறும் நானும் குரலை உயர்த்தினேன். நான் உயர்த்தியதும் மாணவர்களும் உயர்த்தினார்கள். ஒரு நாள் தொண்டை கட்டிப் போய்த் தாழ்ந்த குரலில் பாடம் நடத்த நேர்ந்தது. அன்று பின் வரிசைப் பையன்கள்கூட முன்னால் சாய்ந்து கேட்டார்கள். லாரி ஓட்டுநரைக் குறை சொல்லும் தகுதி எனக்கு முழுமையாக இல்லை என்பதை அன்றே நான் அறிந்திருக்க வேண்டும்.

உங்களில் பலர் விரைவில் வண்டி ஓட்டக் கற்றுக்கொள்வீர்கள். உங்கள் கைக்கு ஒரு பொத்தானும், காலுக்கு ஒரு மிதியும் தரப்படும். பொத்தான் பிறரை விலகச் சொல்லும். மிதி உங்களை நிறுத்தும். ஐயம் தோன்றும்போது முதலில் எதைத் தேட வேண்டும் என்பதை இப்போதே பழகிக்கொள்ளுங்கள்.

என் கைக்கட்டை அவிழ்த்துவிட்டார்கள். மீண்டும் சைக்கிளில்தான் செல்கிறேன். சென்ற வாரம் ஒரு நாள் காலையில் எனக்குப் பின்னால் ஒரு லாரி வந்தது. வேகத்தைக் குறைத்துக்கொண்டு, தொலைவிலேயே ஒருமுறை சிறிதாக ஒலித்தது. நான் பதறாமல் இடப்பக்கம் ஒதுங்கினேன். என்னைக் கடந்து சென்றபோது ஓட்டுநர் இருக்கையிலிருந்து ஒரு கை வெளியே நீண்டு வணக்கம் சொல்லிற்று. யாருடைய கை என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுவதில்லை.